ஒன்பதில் ஒரு பங்கு

இங்கிலாந்தின் மேற்கே, காட்ஸ்வோல்ட் குன்றுகளுக்கு இடையே, போர்ட்டன்-ஆன்-த-வாட்டர் என்ற சிற்றூர் இருக்கிறது. 2011-இல் சுமார் 3,300 பேர் வாழ்ந்த ஊர். விண்ட்ரஷ் என்ற சிற்றாறு கடைத்தெருவை ஒட்டியே ஓடுகிறது. பிள்ளைகள் இறங்கி விளையாடும் அளவுக்குத்தான் ஆழம். ஆற்றின் குறுக்கே தாழ்வான கல்பாலங்கள். அவற்றுள் மூத்தது 1654-இல் கட்டப்பட்டது. கடைத்தெரு முடியும் பக்கத்தில் ‘ஓல்ட் நியூ இன்’ என்ற விடுதி நிற்கிறது. 18ஆம் நூற்றாண்டுக் கட்டடம். வழிப்போக்கர்களுக்குக் குடிக்கவும் சாப்பிடவும் தங்கவும் இடம் தந்த, அந்த நாட்டில் எந்தச் சிற்றூரிலும் காணக்கூடிய வகை. அதன் பின்புறத்தில் ஒருகாலத்தில் காய்கறித் தோட்டம் இருந்தது. இப்போது அந்த இடத்தில் அதே ஊர் ஒன்பதில் ஒரு பங்கு அளவில், கல்லால் கட்டப்பட்டு நிற்கிறது.

ஊர் இருந்தால் விடுதியும் இருக்க வேண்டும். ஆகவே அந்தச் சிறிய ஊரின் கடைக்கோடியில் ஒரு சிறிய ஓல்ட் நியூ இன் உண்டு. விடுதி இருந்தால் அதன் பின்னால் தோட்டமும், தோட்டத்தில் மாதிரி ஊரும் இருந்தாக வேண்டும். அதையும் கட்டினார்கள். அந்த மாதிரிக்குள்ளும் ஒரு விடுதி, அதன் பின்னால் இன்னொரு ஊர். உலகில் அளவு குறைத்துச் செய்த மாதிரிகள் ஆயிரக்கணக்கில் உண்டு. தன்னையே தனக்குள் வைத்துக்கொண்டு, அதுவும் வானத்தின் கீழ், மழையும் பனியும் படும்படி, அசல் ஊரின் கல் வகையிலேயே எழுந்து நிற்பவை மிகச் சில. அவற்றில் போர்ட்டன் மாதிரியைத் தனித்து ஆராய வலுவான காரணம் இருக்கிறது. நகல் என்ற நிலையில் பிறந்த ஒரு பொருள் எப்படித் தானே ஓர் அசலாக முதிர்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் கட்டடம் வேறு எளிதில் கிடைக்காது.

இதைக் கட்டச் சொன்னவர் விடுதியை நடத்திய சி.ஏ. மோரிஸ். வேலை 1930களின் நடுவில் நடந்தது. ஆறாம் ஜார்ஜ் மன்னர் முடிசூடிய நாளான 1937 மே 12 அன்று மாதிரி ஊர் திறந்துவைக்கப்பட்டது. அந்தக் காலத்து இங்கிலாந்தை நினைத்துப் பார்த்தால் ஒரு சிற்றூர் விடுதிக்காரர் இத்தனை பெரிய வேலையில் இறங்கியது புரியும். 1930-இல் பிரிட்டனில் சுமார் 10 லட்சம் சொந்தக் கார்கள் ஓடின. 1939-இல் அது 20 லட்சத்தைத் தொட்டுவிட்டது. ரயில் போகாத கிராமங்களுக்கும் நகரத்துக் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் காரில் வரத் தொடங்கின. எழுத்தாளர் ஜே.பி. பிரீஸ்ட்லி நாடு முழுக்கச் சுற்றி ‘இங்கிலிஷ் ஜர்னி’ எழுதி வெளியிட்டது 1934-இல். காட்ஸ்வோல்ட் பகுதிக்கு அதில் தனி இடம் இருந்தது. ஊதியத்துடன் கூடிய விடுமுறைச் சட்டம் 1938-இல் வந்தது. வருகிறவர்களைத் தன் வாசலில் நிறுத்த ஒரு விடுதிக்காரருக்கு ஏதாவது வேண்டியிருந்தது. வணிகக் கணக்கு இருந்திருக்கும் என்று ஊகிப்பதில் தவறில்லை. ஆனால் கூட்டம் சேர்க்க மட்டும் என்றால் மரப்பலகையும் வண்ணமும் போதுமே! மோரிஸ் உள்ளூர்க் கைவினைஞர்களை வைத்து, உள்ளூர்க் கல்லில் கட்டினார். அந்த முடிவுதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானித்தது.

ஒன்பதில் ஒரு பங்கு என்பது எவ்வளவு சிறியது? 1.70 மீட்டர் உயரமான மனிதர் 19 சென்டிமீட்டர் ஆகிவிடுவார். முகடு வரை 9 மீட்டர் உயரமுள்ள வீடு ஒரு மீட்டருக்கு வந்துவிடும். 450 மீட்டர் நீளத் தெருவை 50 மீட்டரில் நடந்து முடித்துவிடலாம். பார்க்க வருகிறவரை அந்த ஊரின் கணக்கில் அளந்தால் அவர் 15 மீட்டருக்கு மேல், ஐந்து மாடி உயரம் இருப்பார். ஆனாலும் அவர் தெருவிலேயே நடக்கிறார்; வீட்டு முகட்டைக் குனிந்துதான் பார்க்கிறார்; புகைபோக்கிகளுக்குள் எட்டிப் பார்க்கிறார். மேசைமேல் வைத்துப் பார்க்கும் 1:100 மாதிரியில் இந்த உறவு கிடையாது. அங்கே பார்வையாளர் ஊருக்கு வெளியே நிற்கிறார். இங்கே ஊருக்குள் நிற்கிறார்.

நீளம் ஒன்பது மடங்கு குறையும்போது பரப்பு 81 மடங்கு குறைகிறது. கன அளவும் எடையும் 729 மடங்கு குறைகின்றன. அசல் வீட்டின் வாசல் நிலைக்கு மேலே கிடக்கும் உத்தரக்கல் 300 கிலோ இருந்தால் அதன் மாதிரி அரைக் கிலோவுக்கும் குறைவு. இதில் கட்டுகிறவருக்கு ஒரு சலுகை இருக்கிறது. சுவரின் அடிக்கல் தாங்க வேண்டிய அழுத்தம் சுவரின் உயரத்தைப் பொறுத்தது. ஒன்பதில் ஒரு பங்கு உயரச் சுவரில் அழுத்தமும் ஒன்பதில் ஒரு பங்குதான். கல்லின் வலிமையோ மாறுவதில்லை. ஆகவே தன் எடையைத் தாங்கும் விஷயத்தில் மாதிரி வீடு அசலைவிட ஒன்பது மடங்கு உறுதியானது.

வெயிலும் மழையும் வரும்போது கணக்கு தலைகீழாகிறது. ஊரைச் சுருக்கலாம், மழைத்துளியைச் சுருக்க முடியாது. உறைபனியும் அப்படியே. சுண்ணாம்புக்கல் நீரை உறிஞ்சும். உறையும் நீர் சுமார் 9 சதவீதம் விரியும். கல்லின் மேல்தோல் உதிரும். அசல் சுவரில் ஒரு மில்லிமீட்டர் உதிர்ந்தால் யாரும் கவனிக்கமாட்டார்கள். மாதிரிச் சுவரில் அதே ஒரு மில்லிமீட்டர், ஊரின் அளவுக்கு 9 மில்லிமீட்டர். சன்னல் சட்டத்தின் விளிம்பு மழுங்கிவிடும்; கதவின் மேல் செதுக்கிய வளைவு தட்டையாகிவிடும். கூரையில் இரண்டு சென்டிமீட்டர் உயரம் வளர்ந்த பாசிமெத்தை, அந்த ஊர்க்காரர் யாராவது இருந்தால், கணுக்காலுக்கு மேல் புதையும் புதர். கல்லின் முகம் கரைவதை வைத்துப் பார்த்தால் மாதிரி ஊர் அசலைவிட ஒன்பது மடங்கு வேகமாக முதுமை அடைகிறது. எடைக்கு அஞ்ச வேண்டாத வீடு, வானிலைக்கு அஞ்ச வேண்டியதாகிறது. இடைவிடாத பராமரிப்பு இல்லாமல் இப்படிப்பட்ட ஒன்று நிலைத்திருக்க வழியே இல்லை.

கூரைகளைத் தனியே பார்க்க வேண்டும். காட்ஸ்வோல்ட் வீடுகளுக்குச் சுட்ட ஓடு கிடையாது, கல் ஓடுதான். மெல்லிய அடுக்குகளாகப் பிரியக்கூடிய சுண்ணாம்புக்கல்லை வெட்டி எடுத்து, மண்ணின் ஈரம் காயாமல் வைத்திருந்து, குளிர்காலம் முழுக்கப் பனியில் போட்டு வைப்பார்கள். கல்லுக்குள் இருக்கும் நீர் உறைந்து, அதுவே கல்லைத் தகடு தகடாகப் பிளந்துவிடும். ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரின் ஸ்டோன்ஸ்ஃபீல்ட் இந்தத் தொழிலுக்குப் பேர்போன ஊர். தகடுகளை ஒரே அளவில் வெட்டினால் கல் வீணாகும் என்பதால் பெரியது, நடுத்தரம், சிறியது என்று கிடைத்தபடி தரம் பிரிப்பார்கள். பெரிய கனமான ஓடுகள் கீழே இறவாரத்தில், வரிசைக்கு வரிசை சிறுத்துக்கொண்டே போய், மிகச் சிறியவை முகட்டில். மழைநீர் அதிகம் சேர்ந்து ஓடும் இடத்தில் மூட்டு குறைவாக இருக்கும். கூரையின் எடையும் சுவருக்கு நேர் மேலே இறங்கும். கல் ஓட்டில் நீர் தேங்கக் கூடாது என்பதால் கூரைச் சரிவு 45 பாகைக்கு மேல் செங்குத்தாக இருக்கும். காட்ஸ்வோல்ட் தெருவின் முகத்தோற்றம் முழுவதும் இந்த ஒரு பொருளின் தேவையிலிருந்து வருகிறது.

அசலில் ஓர் ஓட்டின் கனம் இரண்டு சென்டிமீட்டர் அளவில் இருக்கும். மாதிரியில் அது இரண்டே மில்லிமீட்டர் சொச்சம் ஆக வேண்டும். அந்தக் கனத்தில் கல்லைப் பிளந்து, உடையாமல், வரிசைக்கு வரிசை சிறுக்கவைத்து அடுக்குவது எவ்வளவு நுட்பமான வேலை! அளவுகோலின்படி வரைபடம் போட்டுக் கொடுத்தால் மட்டும் நடந்துவிடாது. இந்தக் கல் எந்தப் பக்கம் பிரியும், எங்கே தட்டினால் நொறுங்கும் என்பது பெரிய கூரைகளை வேய்ந்த கைக்குத்தான் தெரியும். மாதிரி கட்டப்பட்ட 1930களில் கல் ஓட்டுத் தொழில் ஏற்கெனவே நலிந்துவிட்டிருந்தது. ஸ்டோன்ஸ்ஃபீல்டில் சுரங்க வேலை அதற்குச் சில பத்தாண்டுகள் முன்பே நின்றுபோனது. அருகிப்போகும் ஒரு கைத்திறன் தன் பழைய விதிகள் அத்தனையையும் ஒன்பதில் ஒரு பங்கு அளவில் இங்கே பதிந்துவைத்திருக்கிறது.

மாதாகோயிலிலும் ஒரு நுணுக்கம் உண்டு. போர்ட்டனின் புனித லாரன்ஸ் கோயில் ஒரே காலத்தில் கட்டியதில்லை. பலிபீடம் உள்ள கிழக்குப் பகுதி 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கவிமாடம் வைத்த கோபுரம் 1784-இல் எழுந்தது. மக்கள் அமரும் நடுக்கூடம் 19ஆம் நூற்றாண்டில் மாற்றிக் கட்டப்பட்டது. அசலில் நின்று பார்க்கிறவருக்குக் கல்லின் தேய்மானமே மூன்று காலங்களையும் பிரித்துக் காட்டும். மாதிரியிலோ மூன்றும் ஒரே காலத்தில், புதுக்கல்லில் எழுந்தன. வயதைக் காட்டக் கல்தச்சருக்கு வடிவம் மட்டுமே துணை: இந்தச் சன்னலின் வளைவு, அந்தக் கோபுரத்தின் கோடு. இப்போது அந்த மூன்று பகுதிகளுக்கும் ஒரே வயதுதான், எண்பதைத் தாண்டிய வயது. அசலின் எழுநூறு ஆண்டுக் கதையைச் சொல்லிக்கொண்டே மாதிரி தன் சொந்தக் கதையையும் கல்லில் சேர்த்துக்கொண்டுவிட்டது. மாதிரிக் கோயிலுக்குள்ளிருந்து பாடகர் குழுவின் இசை ஒலிக்கும்படி செய்திருக்கிறார்கள். பார்வையாளர்கள் நெடுநேரம் நிற்கும் இடம் அது.

எல்லாவற்றையும் சுருக்க முடிவதில்லை. மரங்கள் குட்டையாக நறுக்கி வளர்க்கப்படுகின்றன, ஆனால் இலையின் அளவு ஓரளவுக்கு மேல் சுருங்குவதில்லை. விண்ட்ரஷ் ஆறும் மாதிரியில் உண்டு. அங்கே ஓடுவது உண்மையான நீர். நீரின் ஓட்டத்தையும் அலையையும் நிர்ணயிப்பது புவியீர்ப்பு. அதையும் சுருக்க முடியாது. கணக்குப்படி, ஒன்பதில் ஒரு பங்கு ஆற்றில் அலைகள் எழுந்து அடங்கும் வேகம் ஒன்பதின் வர்க்கமூலம், அதாவது மூன்று மடங்கு அதிகமாகத் தெரியும். திரைப்படக்காரர்கள் இதை நெடுங்காலமாக அறிவார்கள். ஒன்பதில் ஒரு பங்கு மாதிரியில் வெள்ளமோ இடிபாடோ எடுக்க வேண்டுமென்றால், நொடிக்கு 24 சட்டங்களுக்குப் பதில் 72 சட்டங்கள் எடுத்து, பிறகு வழக்கமான வேகத்தில் ஓட்டுவார்கள். அப்போதுதான் நீர் கனமாக விழும்.

மாதிரி விடுதி என்றதும் பலருக்கு நினைவு வருவது திரைப்பட விடுதியாகத்தான் இருக்கும். வெஸ் ஆண்டர்சன் இயக்கி 2014-இல் வந்த ‘தி கிராண்ட் புடாபெஸ்ட் ஹோட்டல்’ படத்தில் மலைமேல் தெரியும் அந்த இளஞ்சிவப்பு மாளிகை ஒரு மாதிரிதான். உட்புறக் காட்சிகள் ஜெர்மனியின் எல்லையோர ஊரான கோர்லிட்ஸில், 1913-இல் கட்டப்பட்டுக் காலியாகக் கிடந்த ஒரு பேரங்காடிக் கட்டடத்தில் எடுக்கப்பட்டன. தயாரிப்பு வடிவமைப்புக்கான ஆஸ்கரும் படத்துக்குக் கிடைத்தது. அற்புதமான வேலை, சந்தேகமில்லை. ஆனால் அப்படியொரு விடுதி பூமியில் எங்கும் இருந்ததில்லை; படக்கருவி பார்க்கும் பக்கம் சரியாக இருந்தால் அந்த மாதிரிக்குப் போதும். போர்ட்டன் விடுதியின் மாதிரிக்கு அந்தச் சலுகை கிடையாது. அசல் சற்றுத் தள்ளியே நிற்கிறது. பார்வையாளர் மாதிரியைப் பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்தினால் அசல் விடுதியின் பின்சுவர் எதிரே. சன்னல் ஒன்று கூடக் குறைய இருந்தாலும் அப்போதே தெரிந்துவிடும். தன் அசலின் நேர்ப்பார்வையிலேயே எப்போதும் நிற்க வேண்டிய மாதிரி இது. இவ்வளவு கடுமையான தேர்வு மிகச் சில மாதிரிகளுக்கே வாய்த்திருக்கிறது.

மாதிரிக்குள் மாதிரி என்ற விஷயத்துக்கு வருவோம். முதல் மாதிரி 1:9. அதற்குள் இருப்பது 1:81. அதற்கும் உள்ளே இருப்பது 1:729. 9 மீட்டர் விடுதி முதலில் ஒரு மீட்டராகி, அடுத்து 11 சென்டிமீட்டராகி, அதற்கடுத்து 12 மில்லிமீட்டராகிறது. இன்னொரு படி இறங்கினால் ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவு. வேடிக்கைக்காகச் செய்தது என்று கடந்துபோய்விடலாம். ஆனால் நேர்மையோடு மாதிரி செய்ய உட்கார்ந்தவர்களுக்கு இது தவிர்க்க முடியாத கடமை. மாதிரி ஊர் போர்ட்டனில் இருக்கிறது. போர்ட்டனில் இருப்பதெல்லாம் மாதிரியில் இருக்க வேண்டும். ஆகவே மாதிரியும் மாதிரியில் இருக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் ஊரில் ஒரு தோட்டம் காலியாகக் கிடப்பதாகப் பொய் சொன்னதாகிவிடும்.

அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் ஜோசையா ராய்ஸ் 1899-இல் வெளியான ‘தி வேர்ல்ட் அண்ட் தி இண்டிவிஜுவல்’ நூலின் இணைப்புக் கட்டுரையில் இதையே ஒரு சிந்தனைச் சோதனையாக வைத்தார். இங்கிலாந்தின் தரையில் ஒரு பகுதியைச் சமப்படுத்தி, அதன்மேல் இங்கிலாந்தின் முழுமையான வரைபடம் ஒன்றை வரைவதாக எண்ணிக்கொள்ளச் சொன்னார். எதுவும் விடுபடாத வரைபடம் என்றால் அதில் வரைபடமும் இருக்க வேண்டும், அந்த வரைபடத்துக்குள் இன்னொன்று, இப்படியே முடிவில்லாமல். ராய்ஸுக்கு இது முடிவிலி என்பதன் இயல்பை விளக்கும் வழி. பின்னாளில் அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸ் இந்த வரைபடத்தைத் தன் கட்டுரையில் எடுத்துப் பேசி இலக்கிய வாசகர்களிடம் கொண்டுசேர்த்தார். ராய்ஸ் எழுதி நாற்பது ஆண்டுகள் ஆவதற்குள் இங்கிலாந்தின் தரையில், அதுவும் ஒரு விடுதியின் காய்கறித் தோட்டத்தில், அந்தச் சோதனை கல்லில் எழுந்தது. கட்டியவர்கள் ராய்ஸைப் படித்திருக்க வேண்டிய தேவையே இல்லை. வேலையின் தர்க்கம் அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டது.

முடிவில்லாத விடுதிகளுக்கு எவ்வளவு இடம் வேண்டும்? பலர் எதிர்பார்ப்பதைவிட மிகக் குறைவு. விடுதியின் முகப்பு 18 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதிரியின் முகப்பு 2 மீட்டர், அடுத்தது 22 சென்டிமீட்டர், அடுத்தது இரண்டரை சென்டிமீட்டருக்கும் கீழே. முடிவே இல்லாமல் எல்லா விடுதிகளையும் பக்கம் பக்கமாக வரிசையில் நிறுத்தினாலும் மொத்த நீளம் 20.25 மீட்டரைத் தாண்டாது. அசலில் எட்டில் ஒரு பங்கு இடம் கூடுதலாக ஒதுக்கினால் முடிவிலி முழுவதும் அதற்குள் அடங்கிவிடும்.

போலந்துக் கணிதவியலாளர் ஸ்டெஃபான் பானாக் 1922-இல் வெளியிட்ட தேற்றம் ஒன்று இங்கே இன்னும் அழகான முடிவைத் தருகிறது. ஒரு பரப்பை ஒரே விகிதத்தில் சுருக்கி அந்தப் பரப்புக்குள்ளேயே வைத்தால், எந்தத் திசையில் திருப்பி வைத்தாலும், ஒரே ஒரு புள்ளி மட்டும் இடம் மாறாமல் நிற்கும். போர்ட்டனுக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். ஊரின் ஒவ்வோர் இடத்துக்கும் மாதிரியில் ஓர் இடம் உண்டு. மாதாகோயில் வாசல் ஓரிடத்தில், அதன் மாதிரி வேறிடத்தில். விகிதம் பிசகாத மாதிரியில், ஊர் முழுவதிலும் ஒரே ஒரு புள்ளிக்கு மட்டும் அசலும் மாதிரியும் ஒன்றே. அந்தப் புள்ளி எங்கே என்றும் சொல்லிவிடலாம். அது மாதிரிக்குள் இருக்க வேண்டும். ஆகவே மாதிரியின் மாதிரிக்குள்ளும் இருக்க வேண்டும். அதற்கும் உள்ளே இருப்பதிலும். அதாவது ஓல்ட் நியூ இன்னின் தோட்டத்தில், 1:729 மாதிரி நிற்கும் அந்தச் சின்னஞ்சிறு இடத்துக்குள்ளே எங்கோ.

கணிதம் முடிவில்லாமல் இறங்கலாம். கல் இறங்காது. காட்ஸ்வோல்ட் சுண்ணாம்புக்கல் சுமார் 17 கோடி ஆண்டுகளுக்கு முன், ஜுராசிக் காலத்தின் வெதுவெதுப்பான ஆழமற்ற கடலில் படிந்தது. அலையில் உருண்ட துகள்களைச் சுற்றிச் சுண்ணாம்பு படலம் படலமாக ஒட்டி, மீன் சினை போன்ற சிற்றுருண்டைகளாகித் திரண்ட கல் அது. உருண்டை ஒன்றின் அளவு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். முதல் மாதிரியில் அந்த உருண்டை ஊரின் கணக்குக்கு 9 மில்லிமீட்டர், கண்ணை உறுத்தாது. 1:81 மாதிரியில் அதுவே 8 சென்டிமீட்டர், ஏறத்தாழ ஒரு கல் வரிசையின் உயரம். 1:729-இல் 73 சென்டிமீட்டர். சுவரில் வைக்கும் எந்தக் கல்லையும்விடப் பெரிது. நான்காவது படியில் விடுதி முழுவதுமே ஓர் உருண்டைக்குச் சமம். போர்ட்டன் கல்லில் போர்ட்டனைச் சொல்வதற்கு அந்தக் கல்லே ஓர் எல்லை வைத்திருக்கிறது: முதல் மாதிரியில் கல் தன் இயல்போடு பேசுகிறது, இரண்டாவதில் குரல் தடுமாறுகிறது, மூன்றாவதில் வெறும் சைகைதான் மிஞ்சும். எந்தப் படியில் நிறுத்துவது என்ற கேள்விக்கு ராய்ஸிடமும் பானாக்கிடமும் விடை கிடையாது. கல்தச்சரின் உளி முனையில் அது இருந்தது. இங்கிலாந்தின் தென்கரைக்கு அப்பால், வைட் தீவில் உள்ள காட்ஸ்ஹில் என்ற ஊரிலும் பிற்பாடு பத்தில் ஒரு பங்கு மாதிரி ஊர் எழுந்தது. அங்கும் மாதிரிக்குள் மாதிரி வைத்தார்கள். அங்கும் சில படிகளிலேயே நிறுத்த வேண்டியிருந்தது.

அளவுப் பிரச்சினைக்கு அடுத்தது காலப் பிரச்சினை. மாதிரி எந்த ஆண்டின் ஊரைக் காட்ட வேண்டும்? பக்கிங்ஹாம்ஷயரில் பெக்கன்ஸ்காட் என்ற மாதிரி ஊர் இருக்கிறது. லண்டன் கணக்காளர் ரோலண்ட் காலிங்கம் தன் தோட்டத்தில் அமைத்து 1929-இல் திறந்தது, 1:12 அளவு. அங்கே உள்ள ஊர்கள் கற்பனை ஊர்கள். காலத்தோடு ஒட்டிப் போகப் பல ஆண்டுகள் புதுக் கட்டடங்களைச் சேர்த்துக்கொண்டே வந்தார்கள். பிறகு 1992-இல் எல்லாவற்றையும் திருப்பி, 1930களுக்கே ஊரைக் கொண்டுபோய்விட்டார்கள். டார்செட்டில் உள்ள கார்ஃப் காசில் மாதிரி ஊர் வேறு வழி எடுத்தது: 1646-இல் நாடாளுமன்றப் படைகள் கோட்டையைத் தகர்ப்பதற்கு முந்தைய ஊரை 1:20 அளவில் காட்டுகிறது. இடிந்துபோனதை மீட்டுக் காட்டுவது அதன் வேலை. அசலோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க யாராலும் முடியாது.

போர்ட்டனின் நிலை இரண்டிலிருந்தும் வேறு. அசல் ஊர் கண்ணெதிரே உயிரோடு இருக்கிறது, மாறிக்கொண்டும் இருக்கிறது. ஊருக்கு ரயில் வந்தது 1862-இல். பயணிகள் சேவை நின்றது 1962-இல். அதன் பிறகு ஊர் முழுக்கச் சாலையை நம்பி வாழ்கிறது. 1937-இல் மோரிஸின் ஆட்கள் நகலெடுத்த ஊர் அதன் பிறகு ஒரு நாளும் அப்படியே நின்றதில்லை. இரண்டும் ஒத்துப்போன காலம் மிகக் குறுகியது.

2013-இல் இந்த மாதிரி ஊரை இங்கிலாந்தின் பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள் பட்டியலில், இரண்டாம் தரத்தில் சேர்த்தார்கள். பழைய வீடுகளையும் தேவாலயங்களையும் ஆலைகளையும் பாதுகாக்கும் அதே சட்டம் இப்போது இடுப்பு உயர வீடுகளையும் பாதுகாக்கிறது. பட்டியலில் உள்ள கட்டடத்தின் தன்மையை மாற்றும் எந்த வேலைக்கும் முன்னனுமதி வேண்டும். இதன் விளைவை யோசிக்க வேண்டும். அசல் ஊரில் ஒரு கடை தன் முகப்பை மாற்றிக்கொண்டால், மாதிரியிலும் அதை மாற்றுவதுதான் மாதிரியின் கடமை என்று ஒருவர் வாதிடலாம். சட்டத்தின் கண்ணிலோ மாதிரியின் பழைய முகப்பே பாதுகாக்க வேண்டிய பொருள். ஊருக்கு உண்மையாக இருப்பதா, தன் வரலாற்றுக்கு உண்மையாக இருப்பதா என்ற கேள்வியில் 2013 இரண்டாவது பக்கம் சாய்ந்தது. அது சரியான தீர்ப்பு. ஊர் இன்று எப்படி இருக்கிறது என்று அறிய ஊரே இருக்கிறது. ஊரின் கைத்தொழிலாளர்கள் 1930களில் தங்கள் ஊரை எப்படிப் பார்த்தார்கள், எதை முக்கியம் என்று எண்ணினார்கள் என்பதற்கு இந்தக் கல்லைவிட நேரடியான சான்று எங்கே கிடைக்கும்? புகைப்படம் முகப்பைத்தான் காட்டும். இங்கே புழக்கடையும் கூரையின் மறுபக்கமும் இரு வீட்டுக்கு இடையிலுள்ள சந்தும் கையால் அளந்து கட்டப்பட்டிருக்கின்றன.

அந்தச் சான்றை முழுமையாகப் பயன்படுத்த வேண்டிய நேரம் இது. இன்று லேசர் கருவிகள் மில்லிமீட்டர் துல்லியத்தில் கட்டடங்களைப் பதிவுசெய்கின்றன. மாதிரியையும் ஊரையும் ஒருசேர அளந்து, மாதிரியை ஒன்பது மடங்கு பெருக்கி ஊரின்மேல் பொருத்தினால், 1937-க்குப் பிறகு போன புகைபோக்கிகளும் புதிதாகத் திறந்த கூரைச் சன்னல்களும் அகலமான வாசல்களும் தாமாகவே வெளிப்படும். கல்லின் தேய்மானத்தைப் பற்றியும் அரிய பாடம் கிடைக்கும். ஒரே வகைக் கல், ஒரே ஊரின் மழை, ஒரே உறைபனி, ஒன்றுக்கொன்று அருகருகே. கனம் மட்டும் இரு வேறு அளவில். கட்டடப் பாதுகாப்புத் துறையினர் ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக உருவாக்கிப் பார்க்கும் சோதனை எண்பது ஆண்டுகளுக்கு மேலாக அங்கே தானாக நடந்துகொண்டிருக்கிறது. மெல்லிய கல் ஓடுகள்தான் முதலில் போகும். ஆகவே அளவெடுப்பைக் கூரைகளிலிருந்து தொடங்க வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் ஓட்டின் நீளம், அகலம், மிஞ்சியுள்ள கனம், எந்த ஓடு அசல், எது பின்னால் மாற்றியது என்பதெல்லாம், அடுத்த பழுதுபார்ப்புக்கு முன்பே பதிவாகிவிட வேண்டும்.